குடிலில் நின்ற ஏவுகணை

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய மாலை, கழுகுமலைக்குக் கிழக்கேயுள்ள நமது கிளைக் கிராமம் ஒன்றிற்குக் குடில் பார்க்கச் சென்றிருந்தோம். இளைஞர்கள் மூன்று இரவுகள் கண்விழித்து அமைத்த குடில் அது. தொழுவத்திற்குப் பின்னணியாகக் கழுகுமலைப் பாறையையே தெர்மாகோலில் செதுக்கி நிறுத்தியிருந்தனர்; வெட்டுவான் கோயிலின் விமானம்கூட அதில் தெரிந்தது. தரையில் அசல் கரிசல் மண். அதில் பத்து நாள்களுக்கு முன்பே கம்பு தூவி முளைக்க வைத்திருந்தனர். பார்க்கப் பார்க்க மனம் நிறைந்தது. ஆனால் இடையர்களுக்கும் ஞானிகளுக்கும் நடுவே, தீப்பெட்டி அட்டைகளால் செய்து வெள்ளைத்தாள் ஒட்டிய ஏவுகணை ஒன்று, மூவண்ணக் கோடுகளோடு வானத்தை நோக்கி நின்றுகொண்டிருந்தது. வைக்கோலில் கிடந்த குழந்தையைவிட அது நான்கு மடங்கு உயரம்.

"சாமி, இது அக்னி. நாட்டுப்பற்றும் இருக்கட்டுமேன்னு வச்சோம்" என்றார் ஓர் இளைஞர். குரலில் கள்ளமில்லை. நாம் அதை எடுத்துவிடச் சொன்னோம். எடுத்தார்கள், ஆனால் நள்ளிரவுத் திருப்பலியில் பாடகர் குழுவின் பாதி இடம் காலியாக இருந்தது.

அடுத்த வாரம் பங்குப் பேரவையில் இது பேச்சாகிவிட்டது. நமக்கும் குண்டு இருப்பதனால்தான் பக்கத்து நாட்டுக்காரன் அடங்கிக் கிடக்கிறான் என்றார் ஒருவர். வல்லரசுகளின் விவகாரம் கரிசல்காட்டுக்கு எதற்கு, விருதுநகர்ச் சந்தையில் பருத்தி விழுந்து கிடக்கிறதே அதைப் பற்றி மறையுரை வையுங்கள் என்றார் இன்னொருவர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ, நாம் பெரிதும் மதிக்கிறவர், அமைதியாக எழுந்து, "சாமி, அமெரிக்காவும் ரஷ்யாவும் நாப்பத்தஞ்சு வருஷம் அடிச்சுக்காம இருந்ததே அந்தக் குண்டாலதான்" என்று சொல்லி அமர்ந்தார். அன்று நாம் அரைகுறையாகவே விடை சொன்னோம். அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. இதில் சற்றுச் சினம் கலந்திருந்தால் பொறுத்தருள்க.

முதலில், நமக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்டவருக்கு மறுமொழி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே நடந்த நீண்ட பகைக்குத் தமிழில் பனிப்போர் என்று பெயர். பனி என்றால் மார்கழியில் வைக்கோற்போர்மீது விழுவதைத் தவிர வேறொன்றும் அறியாத கரிசல்காட்டானுக்கு அப்பெயர் எதையும் உணர்த்தாது. கெடுபிடிப்போர் என்று இன்னொரு சொல்லும் வழக்கில் இருக்கிறது. அதுதான் நம் ஊருக்கு ஏற்ற சொல். ஏனெனில் அப்போர் நம் வீட்டு அடுப்படிவரை வந்தது கெடுபிடியாகத்தான். அதுவும் கோதுமைச் சாக்கில் வந்தது.

நமக்கு அப்போது ஏழெட்டு வயதிருக்கும். மாதத்தில் ஒருநாள் கோயில் வளாகத்தில் வரிசை நிற்கும். உடைத்த கோதுமை, மஞ்சள் மாவு, தகரத்தில் எண்ணெய், சில நாள்களில் பால்மாவு. சாக்கின்மேல் கேடயத்தினுள் இரு கைகள் குலுக்கும் படம். அமெரிக்க மக்களின் அன்பளிப்பு, விற்கவோ மாற்றவோ கூடாது என்னும் பொருள்பட ஆங்கில வரிகள். கோதுமை தீர்ந்தபின் அந்தச் சாக்குத்துணி கால்சட்டையாகும். கைகுலுக்கும் படம் எந்த இடத்தில் வந்து அமையும் என்பது தையற்காரரின் நகைச்சுவையைப் பொறுத்தது. பசித்த வயிறுகள் அதனால் நிறைந்தன. அதை மறுப்பவன் நன்றிகெட்டவன். அந்த மாவைச் சுமந்து வந்து, பெயரெழுதி, ஒரு படியும் குறையாமல் அளந்து கொடுத்த பழைய பங்குத் தந்தையரை நாம் இன்றும் வணங்குகிறோம். பள்ளியில் நம்மை 'மாவுக் கிறித்தவன்' என்று அழைத்த தோழர்களையும் மன்னித்துவிட்டோம். ஆனால் அந்தச் சாக்கு எப்படி வந்தது என்ற கேள்வியை நம்மில் எவரும் அன்று கேட்கவில்லை. இன்றாவது கேட்க வேண்டாமா?

1951இல் இந்தியா பஞ்சத்தின் விளிம்பில் நின்று 20 இலட்சம் டன் தானியம் கேட்டது. அமெரிக்கக் காங்கிரசில் மாதக்கணக்கில் வாதம் நடந்தது. கொரியப் போரில் இந்தியா தங்கள் பக்கம் நிற்கவில்லையே என்பது ஒரு குறை. மற்றொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அதன் ஏற்றுமதியை இந்தியா தடுத்திருந்தது. தானியம் வேண்டுமா, அந்த மணலைக் கொடு என்ற குரல் அங்கே எழுந்தது. அணுசக்திக்குரிய பொருளை விற்க நேரு இணங்கவில்லை. ஒருவழியாகக் கடனாகத் தானியம் வந்தது. குமரி மண்ணுக்கும் அணு உலகப் போட்டிக்கும் இடையே கோதுமை ஒரு படிக்கல்லாக வைக்கப்பட்டது அப்போதே.

1954 சூலையில் ஐசனோவர் ஒப்பமிட்ட 480ஆம் பொதுச்சட்டம் (நம் மூத்தோர் பி.எல். 480 என்றே சொல்வர்) இந்த முறையை நிலையாக்கியது. அமெரிக்க உழவரிடம் விற்காமல் குவிந்த தானியத்திற்கு வழி வேண்டும். வறிய நாடுகள் பொதுவுடைமைப் பக்கம் சாயாதிருக்கவும் வேண்டும். பசித்தோர்க்கு இரங்கும் நல்ல உள்ளங்களும் இருந்தன. மூன்றும் ஒரே சாக்கில் கட்டப்பட்டன. 1956இல் இந்தியாவுடன் முதல் உடன்படிக்கை. 1960இல் 4 ஆண்டுகளுக்கு 1 கோடியே 70 இலட்சம் டன்னுக்கு மற்றொன்று. அரசுக்கு விற்றது ஒரு பகுதி. தொண்டு நிறுவனங்கள்வழி இலவசமாகக் கொடுத்தது இன்னொரு பகுதி. நம் கோயில் வளாகத்துக்கு வந்தது இரண்டாவது.

இதில் நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு நிகழ்ச்சி உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் 1956இல் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில். கழுகுமலையிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். தொடக்கத்தில் அந்த உணவு ஊர்மக்களின் கைப்பிடி அரிசியிலும் காய்கறியிலும் நடந்தது. கம்பும் சோளமும் விளையும் ஊர் தன் பிள்ளைக்குத் தானே சோறிட்டது. பிறகு 1961 முதல் கேர் நிறுவனத்தின் வழியாக அமெரிக்கப் பால்மாவும் எண்ணெயும் மாவும் வந்தன. பிள்ளைகள் தொகை பெருகியது, அது நன்மையே. ஆனால் கைப்பிடி அரிசி மெல்ல நின்றுபோனது. தன் வயிற்றுக்குத் தானே பொறுப்பென்ற ஊரின் நிமிர்வு எங்கோ ஓர் அங்குலம் வளைந்தது என்பது நம் கருத்து. காமராசரையோ கேரையோ குறைகூற இதைச் சொல்லவில்லை. கொடுப்பவன் நல்லவனாயினும் கை நீட்டுவது பழகிவிட்டால் என்ன நிகழும் என்பதற்காகச் சொல்கிறோம்.

அது 1965-67இல் வெளிப்பட்டது. இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1966இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடி டன் உணவுத் தானியம் இந்தியத் துறைமுகங்களில் வந்து இறங்கியது. கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று அக்காலத்தைக் குறிப்பர். அப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் ஒரு முறையைக் கைக்கொண்டார். ஆண்டுக்கணக்கான உடன்படிக்கை இல்லை. சில மாதங்களுக்குத் தேவையானது மட்டும். ஒவ்வொரு தவணையையும் அவரே பார்த்து விடுவிப்பார். கன்றைக் குறுங்கயிற்றில் கட்டுவதுபோல. இந்தியா வேளாண்மைக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்; அதில் நியாயமும் இருந்தது. உணவமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியம் 1965 நவம்பரில் உரோமையில் அமெரிக்க வேளாண் அமைச்சரோடு அதற்கு இணங்கியும் இருந்தார். ஆனால் வியட்நாமில் அமெரிக்கா குண்டு வீசுவதை இந்தியா கண்டித்தபோதெல்லாம் அந்தக் கயிறு இறுகியது என்பதும் வரலாறு. ஹனோய் நகரின்மேல் குண்டு விழுவது பற்றித் தில்லியில் ஒருவர் வாய்திறந்தால், கோவில்பட்டிக் கடைத்தெருவில் அரிசிக்கு நிற்கும் தாயின் வரிசை நீளும். இதற்குமேலும் வல்லரசு விவகாரம் கரிசல்காட்டுக்கு எதற்கு என்று கேட்பீர்களா?

தொடக்க நூலின் 47ஆம் அதிகாரத்தை நாம் மறையுரையில் அதிகம் தொடுவதில்லை. யோசேப்பு களஞ்சியத்தைத் திறந்து எகிப்தியரைக் காப்பாற்றினார் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆனால் முதலில் அவர்கள் பணத்தையும், பின்பு கால்நடைகளையும், அதன்பின் நிலத்தையும், கடைசியில் தம்மையுமே பார்வோனுக்கு விற்றார்கள் என்று அதே அதிகாரம் கூச்சமின்றிச் சொல்கிறது. காப்பாற்றிய களஞ்சியமே அடிமைப்படுத்தியது. பாலைநிலத்தில் அலகை ஆண்டவரிடம் முதலில் அப்பத்தைப் பற்றிப் பேசியது தற்செயலன்று.

மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. சோவியத் நாடு இதழின் வழவழப்பான தாள்தான் நம் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை. கோதுமை வயலில் சிரிக்கும் உக்ரேனியப் பெண்ணின் முகம் கணக்கு நோட்டின்மேல் ஆண்டு முழுதும் இருக்கும். மாஸ்கோவில் தமிழில் அச்சாகிவந்த நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையம் சில ரூபாய்க்கு விற்றது. அவற்றில் தல்ஸ்தோயையும் செகாவையும் படித்தே தமிழ் கற்றோர் கரிசலில் பலர். ஒருபக்கம் வயிற்றுக்கு, ஒருபக்கம் தலைக்கு. இரு கைகளும் நீண்டன. இரண்டும் வெறுங்கையாகத் திரும்ப எண்ணி நீளவில்லை.

இனி ஆசிரியப் பெருமகனாருக்கு. குண்டு இருந்ததால் அமைதி இருந்தது என்கிறார். யாருக்கு அமைதி? வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும். கொரியாவுக்கு இல்லை. வியட்நாமுக்கு இல்லை. அங்கோலாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் இல்லை. இரு யானைகள் ஒன்றையொன்று தொடாமல் எம் வயலில் நின்று மிதித்துக்கொண்டதை அமைதி என்று வயலின் சொந்தக்காரனே சொல்லலாமா? வெடிக்காத குண்டுகளும் கொன்றன. சோதனை என்னும் பெயரில் வெடித்தவை கசாக் புல்வெளியின் செமிபலாத்தின்ஸ்க் மக்களையும் மார்ஷல் தீவினரையும் நோயில் தள்ளின. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் சாம்பல், மீன்பிடித்துக்கொண்டிருந்த சப்பானியப் படகொன்றின்மேல் பொழிந்தது. அவர்கள் எந்த வல்லரசின் பகைவர்?

தீப்பெட்டித் தொழிலில் பிழைக்கும் ஊர்களுக்கு நாம் அச்சுறுத்தித் தடுத்தல் என்னும் கோட்பாட்டை விளக்க வேண்டியதில்லை. குச்சியின் தலையில் குளோரேட்டு மருந்து. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரசு. தனித்தனியே இருக்கும்வரை சாது. இரண்டையும் ஒரே அறையில் குவித்து, நாற்பது ஆண்டு பற்றவில்லை பாருங்கள், ஆகவே இதுவே பாதுகாப்பு என்று எந்த மேஸ்திரியாவது சொன்னால் நீங்கள் உங்கள் மகளை அந்த ஆலைக்கு வேலைக்கு அனுப்புவீர்களா? பற்றாதது கோட்பாட்டினால் அன்று. 1962 அக்டோபர் 27 அன்று கியூபாவுக்கு அருகே அமெரிக்கக் கப்பல்களால் நெருக்கப்பட்ட சோவியத் நீர்மூழ்கியில் அணுவெடி பொருத்திய ஏவுகுண்டு இருந்தது. அதை ஏவலாம் என்றபோது வாசிலி அர்கிப்போவ் என்ற அதிகாரி இணங்கவில்லை. 1983 செப்டம்பர் 26 இரவு, அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து வருகின்றன என்று சோவியத் எச்சரிக்கைக் கருவி அலறியபோது, பணியில் இருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் அதை நம்பவில்லை. முகிலில் பட்ட கதிரொளியைச் செயற்கைக்கோள் தவறாகப் படித்திருந்தது. ஆசிரியரே, நீங்கள் போற்றும் அமைதி இவ்விருவரின் தயக்கம். தயக்கம் கொள்ளக்கூடாது என்றுதான் அவர்களுக்குப் பயிற்சி அளித்திருந்தனர்.

கழுகுமலைக்காரருக்கு இன்னொன்றும் நினைவூட்டலாம். 1895இல் தேர் எவ்வழி செல்வது என்று எழுந்த பூசலில் இவ்வூர் எரிந்தது, உயிர்கள் போயின. இரு தரப்பும் தற்காப்புக்கென்றே ஆயத்தமாயிருந்ததாகப் பின்னர்ச் சொல்லிக்கொண்டன. நம் பாட்டன்மாரின் கதை இது, விரிக்க விரும்பவில்லை.

அது அந்நியர் பகை, நமது குண்டு வேறு என்பவர்கள் தெற்கே சற்றுப் பயணம் செய்ய வேண்டும். கயத்தாறு நமக்கு அண்டை ஊர். 1799 அக்டோபர் 16 அன்று அங்கே கட்டபொம்மன் தூக்கிலேற்றப்பட்டார். நம் பிள்ளைகள் மேடையில் வீரவசனம் முழங்கும் அந்தப் பெயரை இன்று நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில் ஒரு கடற்படை நிலையம் தாங்கி நிற்கிறது. 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளால், கடலடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம். அதற்குச் சற்று முன்பு, 1988இல், சோவியத் ஒன்றியத்திடமிருந்து அணுசக்தி நீர்மூழ்கி ஒன்றை இந்தியா வாடகைக்கு வாங்கி ஐ.என்.எஸ். சக்ரா எனப் பெயரிட்டிருந்தது. பின் நாமே கட்டிய அரிஹந்த், அணு ஏவுகணை தாங்கித் தன் முதல் காவற்பயணத்தை முடித்ததாக 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அப்படியொரு கட்டளை என்றேனும் கடலுக்குள் செல்ல வேண்டுமாயின், அது பனைமரங்களுக்கும் காற்றாலைகளுக்கும் நடுவே நிற்கும் அந்தக் கம்பங்களின் வழியாகச் செல்லலாம். வெள்ளையனின் பீரங்கிக்கு எதிரே நின்றவன் பெயர் அதன்மேல். போர் மூண்டால் எதிரியின் வரைபடத்தில் முதலிற் குறிக்கப்படும் இடங்களுள் ஒன்று நம் நெல்லைச் சீமையில் இருக்கிறது என்பதை எந்தத் தேர்தல் மேடையிலும் நாம் கேட்டதில்லை.

கூடங்குளத்தை நாம் இதோடு குழப்பவில்லை. மின் உலை குண்டன்று. ஆயினும் அது அங்கே வந்தது வல்லரசு நட்பின் கணக்கில்தான். 1988 நவம்பர் 20 அன்று தில்லியில் கோர்பச்சேவும் இராஜீவ் காந்தியும் கண்டுகொண்டபோது கையெழுத்தானது அது. செர்னோபில் உலை வெடித்து இரண்டரை ஆண்டுகளே ஆகியிருந்தன. சோவியத் ஒன்றியம் மறைந்தது, கையெழுத்து மறையவில்லை. இனி இப்படி விற்கலாகாது என்று 1992இல் அணுப்பொருள் வழங்கும் நாடுகள் விதி செய்தபின், இது அதற்கு முந்தைய ஒப்பந்தம் என்று சொல்லியே ரஷ்யா அதைத் தொடர்ந்தது. தேவைதானா என்று கேட்ட கடற்கரை மக்களை 1988இல் எவரும் கேட்கவில்லை. 2011இல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முற்றத்தில் அவர்கள் உண்ணாதிருந்து கேட்டபோது, அயல்நாட்டுப் பணம் என்றும் தேசத்துரோகம் என்றும் விடை வந்தது, ஆயிரக்கணக்கானோர்மேல் வழக்குகள். 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் மீனவர் ஒருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அன்று கரிசல் பங்குகளிலிருந்து எத்தனை பேர் இடிந்தகரைக்குச் சென்றோம்? மின்தடை பதினான்கு மணி நேரம் நீண்ட காலம் அது; தீப்பெட்டி ஆலையும் அச்சகமும் முடங்கிக் கிடந்தன. கடற்கரைக்காரர்கள் கரண்டைத் தடுக்கிறார்கள் என்று நம் ஞாயிறு மன்றங்களிலேயே முணுமுணுத்தோம். ஒரே ஆயரகத்தின் பிள்ளைகள் அல்ல என்றாலும் ஒரே பீடத்தின் பிள்ளைகள் அல்லவா நாம்?

சினம் இனி நம்மீதே திரும்ப வேண்டியிருக்கிறது.

பழைய திருப்பலி முடிந்ததும் முழந்தாளிட்டுச் சொன்ன செபங்களை முதியோர் நினைவுகூர்வர். 1930இல் பதினொன்றாம் பயஸ் திருத்தந்தை அவற்றை ரஷ்யாவுக்காக ஒப்புக்கொடுக்கப் பணித்தார். 1960களின் நடுவே வழிபாட்டுச் சீர்திருத்தத்தில் அவை நீங்கின. ஆலயங்களை இடித்து, குருக்களைச் சிறையிட்ட ஆட்சிக்காகச் செபித்தது சரியே. ஆனால் அச்செபம் நம் உள்ளத்தில் ஒரு கோணலை விட்டுச்சென்றது. ரஷ்யாவின் குண்டு அலகையின் குண்டு. அமெரிக்காவின் குண்டு காவல் தூதரின் வாள். இப்படித்தான் நம் வீடுகளில் பேசினோம்.

நாகசாகியை நினைத்துப் பார்க்க நமக்குத் தனிக் காரணம் உண்டு. 1542 முதல் முத்துக்குளித்துறையில் வெறுங்காலோடு நடந்து திருமுழுக்களித்த புனித சவேரியார்தான் 1549இல் சப்பான் கரையேறினார். அவர் விதைத்த விசுவாசம், குருக்களே இல்லாமல் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மறைவில் வாழ்ந்து, நாகசாகியின் உரகாமிப் பகுதியில் பேராலயமாக எழுந்தது. 1945 ஆகஸ்டு 9 அன்று விழுந்த குண்டு அந்தப் பேராலயத்தின் அருகே வெடித்தது. ஏறத்தாழ 12,000 உரகாமிக் கத்தோலிக்கரில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர் என்பது அவர்களின் திருச்சபை சொல்லும் கணக்கு. உள்ளே ஒப்புரவு அருட்சாதனம் நடந்துகொண்டிருந்தது. குண்டு வீசச் சென்ற வான்படைப் பிரிவுக்கு ஆன்ம குருவாக இருந்தவரும் ஒரு கத்தோலிக்கக் குரு, ஜார்ஜ் சபெல்கா. பிற்காலத்தில் அவர் மனம் கசிந்து, தாம் வாய்மூடி இருந்ததே குற்றம் என்று எஞ்சிய நாள்களெல்லாம் சொல்லித் திரிந்தார். சவேரியாரின் பிள்ளைகளான நாம் அவர் திருநாளுக்குக் கோட்டாற்றுக்குச் செல்கிறோம். ஆகஸ்டு 9 அன்று, அவருடைய மற்றப் பிள்ளைகளுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றியது உண்டா?

திருச்சபையின் போதனை மறைவானது அன்று. கியூபா நெருக்கடிக்கு ஆறு மாதங்களுக்குப் பின், 1963 ஏப்ரலில், இருபத்துமூன்றாம் அருளப்பர் திருத்தந்தை 'அவனியில் அமைதி' என்னும் திருமடலை எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், நகரங்களை மக்களோடு அழிக்கும் போர்ச்செயலைக் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றமெனக் கண்டித்தது. படைக்கலப் போட்டி ஏழைகளைத் தாங்கவொண்ணாதபடி காயப்படுத்துகிறது என்றது. 1982இல் இரண்டாம் யோவான் பவுல், படைக்கலக் குறைப்புக்கான ஒரு படியாக மட்டும், அச்சுறுத்தித் தடுத்தலைத் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் படியில் நாம் பாய் விரித்துப் படுத்துவிட்டோம். 35 ஆண்டுகள் உறங்கினோம். 2017 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், வைத்திருப்பதையே கண்டிக்க வேண்டும் என்றார். 2019இல் இரோசிமாவில் நின்று பயன்படுத்துவதும் வைத்திருப்பதும் அறநெறிக்கு மாறானவை என்றார். அணுப்படைக்கலத் தடை உடன்படிக்கையை ஏற்ற முதல் அரசுகளுள் வத்திக்கான் ஒன்று; 2021 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதில் சேரவில்லை. இதெல்லாம் நம் பங்குகளில் எத்தனை மறையுரைகளில் ஒலித்தது? மாதாவின் காட்சிகளைப் பற்றிக் கேட்டால் நாள்முழுதும் பேசுவோம்.

இங்கே நமது பாவத்தையும் அறிக்கையிட வேண்டும். 1998 மே மாதம் 11, 13 ஆகிய நாள்களில் பொக்ரானில் குண்டுகள் வெடித்தபோது நாம் இளங்குரு. பணி வேறொரு ஊரில். கடைத்தெருவில் பட்டாசு வெடித்து இனிப்பு வழங்கினார்கள். ஒருவர் லட்டொன்றை நம் கையில் வைத்து, "சாமி, இனிமே நாமளும் வல்லரசு" என்றார். நாம் அதை வாங்கி உண்டோம். அதே மாதம் 28இல் பாகிஸ்தானும் வெடித்தது. அங்கேயும் இனிப்பு வழங்கியிருப்பார்கள். அந்த லட்டின் சுவை நன்றாயிருந்தது என்பதே நம்மை இன்றுவரை உறுத்துகிறது. ஆகவே குடிலில் ஏவுகணை வைத்த இளைஞர்களைக் கடிந்துகொள்ள நமக்கு அதிக உரிமை இல்லை.

பக்கத்து நாட்டைப் பற்றிய அச்சம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள்கள் மோதிக்கொண்டபோது, எல்லையில் மகனைப் படையில் வைத்திருந்த ஒரு தாய் நம் கோயில் படியில் இரவெல்லாம் அமர்ந்திருந்தார். அவருக்கு நாம் போதனை எதுவும் சொல்லவில்லை. முதலில் நாம் பயன்படுத்தமாட்டோம் என்று இந்தியா அறிவித்திருப்பதையும் மதிக்கிறோம். ஆனால் இருபுறமும் குண்டு இருந்தும் மோதல் நடந்தது. அடங்கிக் கிடக்கிறான் என்ற அந்தக் கூற்று அந்த நான்கு நாள்களில் எங்கே போயிற்று? மோதல் நின்றதும், இம்முறையும் தப்பினோம் என்று பெருமூச்சு விட்டோம். குண்டு காத்தது என்று அதற்குப் பெயர் வைப்பது சரியா?

பருத்தி விலை பற்றிக் கேட்ட பேரவை உறுப்பினருக்கு ஒரு சொல் மிச்சமிருக்கிறது. 2022இல் ரஷ்யா உக்ரேனுக்குள் படை நடத்தியபோது கோவில்பட்டிக் கடைகளில் சூரியகாந்தி எண்ணெய் ஏறியது எதனால்? உரத்தின் உலக விலை ஏறி, மானாவாரி உழவன் டிஏபி மூட்டைக்கு அலைந்தது எதனால்? பழைய பகையின் கட்டுகள் ஒவ்வொன்றாய் அவிழ்கின்றன. நடுத்தொலைவு ஏவுகணைகளை ஒழித்த 1987ஆம் ஆண்டு உடன்படிக்கை 2019இல் முறிந்தது. எஞ்சியிருந்த பெரிய உடன்படிக்கையில் தன் பங்கை 2023இல் ரஷ்யா நிறுத்திவைத்தது. உலகில் இன்றும் ஏறத்தாழ 12,000 அணுவெடிகள் இருக்கின்றன. பத்தில் ஒன்பது பங்கு அவ்விரு நாடுகளிடம். பருத்தியைப் பற்றிப் பேசுங்கள் என்றீர்கள். பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வரும் ஆகஸ்டு 9 அன்று நமது பங்கில் உரகாமிப் பேராலயத்தில் மாண்டோர்க்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படும். நேரம் காலை 11 மணி 2 நிமிடம். அங்கே குண்டு வெடித்த நேரம் அது. வேலை நாள்களில் தீப்பெட்டி ஆலைகளில் கட்டை அடுக்கும் நேரம்; வரமுடியாதவர்கள் ஒரு நிமிடம் கையை நிறுத்தினால் போதும், கூலி குறையாது என்று ஆலைக்காரர்களிடம் நாமே பேசிக்கொள்கிறோம்.

அந்த அட்டை ஏவுகணை இன்னும் நம் திருப்பொருள் அறையில்தான் இருக்கிறது. நன்றாகச் செய்த பொருள். எறிய மனம் வரவில்லை. சுதந்திர நாள் ஊர்வலத்துக்குத் திருப்பித் தரும்படி இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆகஸ்டு 9 திருப்பலிக்கு வாருங்கள், அதற்குப் பின் பேசுவோம் என்று சொல்லியனுப்பினோம். பாடகர் குழுவும் வருவதாகச் சொல்லியிருக்கிறது.